செப்புக் குழாயை வேற்று உலோகங்களுடன் இணைத்தல்

செப்புக் குழாயை வேற்று உலோகங்களுடன் இணைத்தல் என்பது, கட்டடங்களின் நீர்க் குழாயமைப்பில் செம்பினாலான குழாயை இரும்பு, துத்தநாகம் பூசிய இரும்பு, பித்தளை, துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம், காரீயம் முதலிய பிற உலோகங்களாலான குழாய்களுடனும் நீர்க் கருவிகளுடனும் பொருத்தும் முறையைக் குறிக்கும். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே நீரில் நனைந்திருந்தால், அவை ஒரு சிறு மின்கலமாக இயங்குகின்றன. இக்கலத்தில் ஓர் உலோகம் காக்கப்படுகிறது, மற்றது கரைகிறது. இதனை மின்வேதி அரிமானம் என்பர்.

எல்லா உலோக இணைகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. செம்பும் பித்தளையும் நெடுங்காலம் சேர்ந்திருக்கும். செம்பும் துத்தநாகம் பூசிய இரும்பும் நேரடியாக இணைக்கப்பட்டால், சில ஆண்டுகளிலேயே இணைப்பு கசியத் தொடங்கலாம். எனவே எந்த உலோகம் எதனுடன் சேர்கிறது, நீர் எதிலிருந்து எதற்குப் பாய்கிறது, எந்த உலோகத்தின் பரப்பு அதிகம், அந்நீரில் ஆக்சிசன் உள்ளதா என்பவற்றை அறிந்தே இணைப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான இணைப்பின் விளைவு பெரும்பாலும் நீர்க்கசிவு ஆகும். காரீயக் குழாய்களைப் பொருத்தவரை, குடிநீர் நஞ்சாவதும் அதன் விளைவாகலாம்.

அடிப்படை

மின்வேதி அரிமானம் நிகழ நான்கு கூறுகள் தேவை: கரையும் உலோகம், காக்கப்படும் உலோகம், இரண்டுக்கும் இடையே எதிர்மின்னிகள் செல்வதற்கான உலோகத் தொடர்பு, இரண்டையும் நனைத்து அயனிகளைக் கடத்தும் நீர்மம். எலக்ட்ரான் என்று பரவலாக அறியப்படுவதே இங்கு எதிர்மின்னி எனப்படுகிறது. இந்நான்கில் ஒன்று இல்லாவிடினும் கலம் நின்றுவிடும். இணைப்பு முறைகள் அனைத்தும் இவற்றுள் ஏதேனும் ஒன்றை நீக்க அல்லது வலுவிழக்கச் செய்ய முயல்வனவே.

செம்பும் இரும்பும் இணைந்துள்ள குழாயில் இரும்பு அணுக்கள் எதிர்மின்னிகளை இழந்து, அயனிகளாக நீரில் கரைகின்றன. விடுபட்ட எதிர்மின்னிகள் உலோகத் தொடர்பின் வழியே செம்பை அடைகின்றன. செம்பின் பரப்பில், நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. மின்வேதியியலில் உலோகம் கரையும் முனை நேர்மின்வாய் எனவும், மற்ற முனை எதிர்மின்வாய் எனவும் வழங்கப்படும். இங்கு இரும்பு நேர்மின்வாயாகவும், செம்பு எதிர்மின்வாயாகவும் உள்ளன. செம்பு தானாகச் சேதமடையாமல், இரும்பு கரைவதை விரைவுபடுத்துகிறது.

உலோகங்களின் வரிசை

எந்த உலோகம் கரையும் என்பதை உலோகங்களின் மின்னழுத்த வரிசை காட்டுகிறது. 25 பாகை செல்சியசில் சில உலோகங்களின் நியம மின்வாய் அழுத்தங்கள் பின்வருமாறு:

செம்பு: +0.34 வோல்ட்டு
காரீயம்: −0.13 வோல்ட்டு
வெள்ளீயம்: −0.14 வோல்ட்டு
இரும்பு: −0.44 வோல்ட்டு
துத்தநாகம்: −0.76 வோல்ட்டு
அலுமினியம்: −1.66 வோல்ட்டு
மக்னீசியம்: −2.37 வோல்ட்டு

இரண்டு உலோகங்கள் சேரும்போது பட்டியலில் கீழே உள்ளது கரையும். குழாய் உலோகங்களுள் செம்பு மேலிடத்தில் இருப்பதால், அதனுடன் சேரும் இரும்பும் துத்தநாகமும் பாதிக்கப்படுகின்றன. செம்புக்கும் துத்தநாகத்துக்கும் இடையிலான வேறுபாடு 1.10 வோல்ட்டு ஆகும். 1836 இல் உருவாக்கப்பட்ட டேனியல் மின்கலம் இயங்குவது இதே வேறுபாட்டைக் கொண்டுதான்.

இவ்வெண்கள் தூய உலோகங்களுக்கும் ஆய்வக நிலைமைகளுக்கும் உரியவை. குழாய்களில் உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடுப் படலமும் சுண்ணாம்புப் படிவும் வரிசையை மாற்றக்கூடும். துருப்பிடிக்காத எஃகு பெரும்பாலும் இரும்பாலானது. ஆயினும் அதன் மேலுள்ள குரோமிய ஆக்சைடுப் படலம் காரணமாகச் செம்புக்கு நெருங்கிய இடத்தைப் பெறுகிறது. துத்தநாகம் சாதாரணமாக இரும்பைக் காக்கும். ஆனால் சில வகை நீரில், வெப்பநிலை ஏறத்தாழ 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது, இவ்வுறவு தலைகீழாகி இரும்பு கரையத் தொடங்கலாம்.

வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்

மின்னழுத்த வேறுபாடு எந்த உலோகம் கரையும் என்பதைச் சொல்லும்; எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதைச் சொல்லாது. வேகத்தைப் பின்வரும் காரணிகள் தீர்மானிக்கின்றன.

பரப்பளவு விகிதம்: இது மிக முக்கியமான காரணி. நீண்ட செப்புக் குழாயின் நடுவே ஒரு சிறு இரும்பு நிப்பிள் இருந்தால், பெரிய செப்புப் பரப்பில் நிகழும் வினை முழுவதற்கும் அச்சிறு நிப்பிளே ஈடுகொடுக்க வேண்டும். அது விரைவில் அரிக்கப்படும். மாறாக, நீண்ட இரும்புக் குழாயின் நடுவே ஒரு சிறு செப்பு அல்லது பித்தளை வால்வு இருந்தால், அரிமானம் பெரிய இரும்புப் பரப்பில் பகிரப்படுவதால் பாதிப்பு குறைவு. இரும்புக் குழாயமைப்புகளில் பித்தளை வால்வுகள் நெடுங்காலம் நிலைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

நீரின் கடத்துதிறன்: உப்புகள் மிகுந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். மென்மையான ஆற்று நீரைவிட உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் அரிமானம் விரைவாக நிகழும். கடின நீர் உட்புறத்தில் சுண்ணாம்புப் படிவை உண்டாக்கி ஓரளவு தடையாகவும் அமையலாம்.

ஆக்சிசன்: எதிர்மின்வாயில் எதிர்மின்னிகளை ஏற்க ஆக்சிசன் இல்லையெனில் வினை மிகவும் மெதுவாகும். பிரித்தானிய வீடுகளின் நடுவண் சூடேற்ற அமைப்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 15 மற்றும் 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய்கள் மென்னெஃகு வெப்பமூட்டிகளுடன் இணைக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் இயங்குகின்றன. மூடிய சுற்றில் ஒரே நீர் திரும்பத் திரும்பச் சுழல்வதால் அதிலுள்ள ஆக்சிசன் தொடக்கத்திலேயே செலவாகிவிடுகிறது. அரிமானத் தடுப்பானும் அந்நீரில் சேர்க்கப்படுகிறது. அதே அமைப்பில் கசிவை ஈடுசெய்ய அடிக்கடி புது நீர் சேர்க்கப்பட்டால் எஃகு துருப்பிடிக்கத் தொடங்கும்.

தொலைவு: அயனிகள் நீரின் வழியே செல்ல வேண்டிய தொலைவு கூடினால் மின்தடை கூடும். எனவே அரிமானம் இரண்டு உலோகங்கள் சந்திக்கும் இடத்திலேயே செறிந்து காணப்படும்.

வெப்பநிலை: சுடுநீர்க் குழாய்களில் வினை பொதுவாக விரைவாக நிகழும்.

வரலாறு

வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்தால் ஒன்று அழியும் என்பது மின்வேதியியல் தோன்றுவதற்கு முன்பே கடற்படையினரால் கவனிக்கப்பட்டது. 1761 இல் பிரித்தானியக் கடற்படையின் அலார்ம் என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதி செப்புத் தகடுகளால் போர்த்தப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பிய கப்பலை 1763 இல் ஆய்ந்தபோது, தகடுகளைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல அரிக்கப்பட்டிருந்தன. சில ஆணிகள் மட்டும் நல்ல நிலையில் இருந்தன. தகடுகள் சுற்றி வந்திருந்த பழுப்புத் தாள், அவ்விடங்களில் செம்புக்கும் ஆணிக்கும் நடுவே சிக்கித் தங்கியிருந்ததே காரணம். இரண்டு உலோகங்களையும் பிரித்து வைப்பது என்னும் இன்றைய முறையின் அடிப்படை அத்தாளிலேயே வெளிப்பட்டது.

இத்தாலியரான லூயிசி கால்வானி, உலோகங்களைக் கொண்டு தவளையின் கால்களில் செய்த ஆய்வுகளை 1791 இல் வெளியிட்டார். அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1800 இல் தம் மின்னடுக்கை அறிவித்தார். 1824 இல் ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் செப்புத் தகட்டுடன் சிறு துத்தநாக அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்தால் செம்பு கடல்நீரில் அரிக்கப்படாது என்று காட்டினார். செம்பு காக்கப்பட்டது, ஆனால் செம்பு கரையாததால் கடலுயிரிகள் தகட்டில் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. டேவியின் கருத்து பின்னர் வேறு இடங்களில் பயன்பட்டது. இன்றைய நீர்ச் சூடேற்றிகளுள் வைக்கப்படும் மக்னீசியத் தண்டு அதன் வழிவந்ததே.

பிரான்சில் 1837 இல் சோரெல் என்பவர் உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்துப் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் மின்னோட்டம் எதுவும் பயன்படுத்தப்படுவதில்லை. எனினும் கால்வானியின் பெயரே இதற்கு வழங்கப்பட்டது. பேச்சு வழக்கில் ஜி.ஐ. குழாய் என்று கூறப்படுவதன் முதலெழுத்து அவர் பெயரிலிருந்து வந்ததாகும்.

செம்புடன் சேரும் உலோகங்கள்

துத்தநாகம் பூசிய இரும்பு

இதுவே மிகுதியான சிக்கல்களைத் தரும் இணை. துத்தநாகப் பூச்சு முதலில் கரையும்; அதன்பின் இரும்பு கரையும். குழாய் முனையில் மரை வெட்டும்போது பூச்சு நீக்கப்படுகிறது, குழாய்ச் சுவரின் தடிப்பும் குறைகிறது. ஆகவே குழாயின் மிக மெல்லிய, காப்பற்ற பகுதியே செம்புக்கு மிக அருகில் அமைகிறது. கசிவு பெரும்பாலும் இம்மரைகளில் தொடங்குவது இதனாலேயே. துருவின் கன அளவு இரும்பைவிட மிகுதி என்பதால், குழாயின் உள்துளை சுருங்கி நீர்வரத்தும் குறையும்.

பித்தளையும் வெண்கலமும்

இவை செம்பை முதன்மையாகக் கொண்ட கலப்புலோகங்கள். ஆதலால் செம்புடன் நேரடியாக இணைக்கலாம். குரோமியம் பூசிய திருகுகுழாய்கள் பலவற்றின் உடல் பித்தளையே. எனினும் 15 விழுக்காட்டுக்கு மேல் துத்தநாகம் உள்ள பித்தளை, சில வகை நீரில் தன் துத்தநாகத்தை மட்டும் இழந்து, நுண்துளைகள் கொண்ட வலுவற்ற செம்பாக மாறக்கூடும். இதனைத் துத்தநாக நீக்கம் என்பர். இதைத் தாங்குவதற்காகச் சிறிதளவு ஆர்சனிக்கு சேர்த்த பித்தளை வகைகள் தயாரிக்கப்படுகின்றன.

துருப்பிடிக்காத எஃகு

வழக்கில் எவர்சில்வர் எனப்படும் இவ்வுலோகம் வீட்டுக் குடிநீர் அமைப்புகளில் செம்புடன் பொதுவாக நன்கு ஒத்துப்போகும். சமையலறைத் தொட்டிகளுக்கும் கருவிகளுக்கும் தனிக் காப்பு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. குளோரைடு மிகுந்த நீர் எஃகில் குழி அரிமானத்தை உண்டாக்கலாம். அது செம்பு இல்லாவிடினும் நிகழக்கூடியது.

அலுமினியம்

வரிசையில் செம்பிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. நேரடி இணைப்பு தவிர்க்கப்பட வேண்டும். செப்புக் குழாயிலிருந்து கரைந்து வரும் சிறிதளவு செப்பு அயனிகளும் அலுமினியத்தில் துளையிடும். அலுமினிய வெப்பமாற்றி கொண்ட கொதிகலன்களில் அதற்கெனப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பான் சேர்த்த நீரே பயன்படுத்தப்படுகிறது.

நீரோட்ட விதி

உலோகங்கள் ஒன்றையொன்று தொடாமலே செம்பு பிற உலோகத்தைச் சேதப்படுத்த முடியும். செப்புக் குழாயில் பாயும் நீர் மிகச் சிறிதளவு செப்பு அயனிகளைச் சுமந்து செல்கிறது. இந்நீர் துத்தநாகப் பூச்சின் மேல் பாயும்போது, துத்தநாகம் கரைந்து அதனிடத்தில் செம்பு புள்ளிபுள்ளியாகப் படிகிறது. படிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனி எதிர்மின்வாயாகிறது. அதனைச் சுற்றிய துத்தநாகமும் இரும்பும் அரிக்கப்பட்டுக் குழிகள் தோன்றுகின்றன.

ஆகவே இரண்டும் ஒரே அமைப்பில் இருக்க நேர்ந்தால், நீர் முதலில் துத்தநாகம் பூசிய குழாயிலும் பின்னர் செப்புக் குழாயிலும் பாயுமாறு அமைக்க வேண்டும். செருமனியில் இது நீரோட்ட விதி என்ற பெயரில் குழாய்ப் பணியின் அடிப்படை விதியாகக் கற்பிக்கப்படுகிறது. மின்காப்பு இணைப்பி இவ்வகைச் சேதத்தைத் தடுக்காது. அயனிகள் நீருடன் கடந்து சென்றுவிடும். சுடுநீர் சுழன்று திரும்பும் அமைப்புகளில் மேல்நிலை, கீழ்நிலை என்ற வேறுபாடே இல்லாததால், அங்கு இவ்விரண்டையும் கலக்காமல் இருப்பதே வழி.

தமிழ்நாட்டில் பழைய வீடுகள் பலவற்றில் ஜி.ஐ. குழாய்கள் உள்ளன. புதிய கட்டடங்களில் பிளாஸ்டிக் குழாய்களே மிகுதி. செம்பு பெரும்பாலும் சுடுநீர்க் கருவிகளின் உள்ளேயே இருக்கிறது. தட்டை வகைச் சூரிய நீர்ச் சூடேற்றிகளின் செப்புக் குழல்களில் சூடாகி வரும் நீரை வீட்டின் பழைய ஜி.ஐ. குழாயில் செலுத்துவது நீரோட்ட விதிக்கு எதிரானது. சுடுநீரைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாயையோ, தொடர்ந்து செப்புக் குழாயையோ பயன்படுத்துவது இதற்கு மாற்றாகும்.

இணைப்பு முறைகள்

பித்தளை இடைத்துண்டு

செப்புக் குழாய்க்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவே ஒரு பித்தளை நிப்பிள் அல்லது வால்வு பொருத்தப்படுகிறது. இது மின்னழுத்த வேறுபாட்டை நீக்குவதில்லை. பித்தளையும் இரும்பைவிட மேலிடத்தில்தான் உள்ளது. ஆனால் செம்பின் பெரிய பரப்பை இரும்பு மரையிலிருந்து தள்ளி வைப்பதால் அரிமானத்தைக் குறைக்கிறது. இடைத்துண்டு நீளமாக இருந்தால் பயனும் கூடும்.

மின்காப்பு யூனியன்

இது இரு பாதிகள் கொண்ட யூனியன். ஒரு பாதி எஃகினாலானது, இரும்புக் குழாயில் திருகப்படுவது. மற்றது செம்பு அல்லது பித்தளையினாலானது, செப்புக் குழாயுடன் பற்றவைக்கப்படுவது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் வாசரும், இறுக்கும் நட்டின் உட்புறத்தில் பிளாஸ்டிக் வளையமும் உள்ளன. இவை உலோகத் தொடர்பைத் துண்டிக்கின்றன. ரப்பர் முதுமையடையும் என்பதாலும், உள்ளே துரு பாலம்போல் படியக்கூடும் என்பதாலும், யூனியனைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பது நல்லது. சுவருக்குள் புதைக்கலாகாது.

பிளாஸ்டிக் உள்ளுறை நிப்பிள்

எஃகு நிப்பிளின் உட்புறம் பிளாஸ்டிக் குழல் செருகப்பட்டிருக்கும். உலோகத் தொடர்பு நீடித்தாலும், நீரில் நனையும் உலோகப் பரப்புகளுக்கு இடையிலான தொலைவு கூடுகிறது. நீர்ச் சூடேற்றிகளில் இது பரவலாகப் பயன்படுகிறது.

பிளாஸ்டிக் குழாய்த் துண்டும் நெகிழ்குழாயும்

நடுவே பிளாஸ்டிக் குழாய்த் துண்டைப் பொருத்துவது உலோகத் தொடர்பையும் நீக்கும், தொலைவையும் கூட்டும். எஃகுப் பின்னல் போர்த்திய நெகிழ்குழாயின் உட்புறம் ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கே. நீர் பின்னலைத் தொடுவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றப்படும் பன்னாட்டுக் குழாய்ப்பணி விதித்தொகுப்பு, செப்புக் குழாயைத் துத்தநாகம் பூசிய எஃகுக் குழாயுடன் இணைக்கச் செப்புக் கலப்புலோகப் பொருத்தியையோ மின்காப்புப் பொருத்தியையோ பயன்படுத்துமாறு கூறுகிறது.

மரையில் சுற்றப்படும் டெஃப்லான் டேப் மின்காப்பு ஆகாது. திருகும்போது மரையின் விளிம்புகள் டேப்பை வெட்டிக்கொண்டு ஒன்றையொன்று தொடும். டேப்பின் வேலை நீர்க்கசிவைத் தடுப்பது மட்டுமே.

பொருத்தும் வரிசை

மின்காப்பு யூனியனைப் பொருத்துவதில் செய்யப்படும் பொதுவான தவறு, அதனை முழுதாகப் பூட்டிய பின் பற்றவைப்பதாகும். காரீயமற்ற வெள்ளீய-செம்புப் பற்றாசு ஏறத்தாழ 227 பாகை செல்சியசில் உருகும். அவ்வெப்பம் ரப்பர் வாசரையும் பிளாஸ்டிக் வளையத்தையும் கெடுத்துவிடும். சரியான வரிசை பின்வருமாறு:

1. நீர்வரத்தை அடைத்துக் குழாயிலுள்ள நீரை வடித்தல். சூடேற்றியாயின் அதன் மின்சாரத்தையோ எரிவளியையோ முதலில் நிறுத்துதல்.
2. யூனியனைப் பிரித்து வாசரை எடுத்து வைத்தல். நட்டையும் பிளாஸ்டிக் வளையத்தையும் செப்புக் குழாயில் கோத்து, சூடு படாத தொலைவுக்குத் தள்ளி வைத்தல்.
3. குழாய் முனையின் பிசிறுகளை நீக்கி, உப்புத்தாளால் தேய்த்து, இளக்கி தடவிப் பற்றவைத்தல்.
4. இணைப்பு ஆறிய பின் எஞ்சிய இளக்கியைத் துடைத்தல். தங்கிவிடும் இளக்கி செம்பையே அரிக்கும்.
5. எஃகுப் பாதியின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, இரும்புக் குழாயில் திருகுதல்.
6. வாசரை வைத்து நட்டை இறுக்குதல். மிகையாக இறுக்கினால் பிளாஸ்டிக் வளையம் நசுங்கி உலோகங்கள் தொட்டுக்கொள்ளும்.
7. நீரைத் திறந்து கசிவைச் சோதித்தல்.

நெருப்பைப் பயன்படுத்த முடியாத இடங்களில் கம்ப்ரசன் பொருத்தி பயன்படும். இதில் பித்தளை நட்டு, ஒரு மெல்லிய வளையத்தைக் குழாயின் மேல் அழுத்திக் கசிவைத் தடுக்கிறது.

அளவுகளும் மரைகளும்

இணையும் இரு பகுதிகளின் அளவு முறை ஒன்றாக இருக்க வேண்டும். பிரித்தானியாவில் செப்புக் குழாய் அதன் வெளிவிட்டத்தால் 15 மில்லிமீட்டர், 22 மில்லிமீட்டர் என்று குறிக்கப்படுகிறது. அமெரிக்காவில் அரை அங்குலக் குழாய் எனப்படுவதன் வெளிவிட்டம் ஐந்தெட்டு அங்குலம், அதாவது ஏறத்தாழ 15.9 மில்லிமீட்டர். ஒன்றின் பொருத்தி மற்றதில் சேராது.

பிரித்தானிய மரையின் கோணம் 55 பாகை; அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. அரை அங்குலம், முக்கால் அங்குலம் ஆகிய அளவுகளில் இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள் உள்ளன. இதனால் இவை ஒன்றில் ஒன்று சில சுற்றுகள் ஏறிச் சரியாகப் பொருந்தியதுபோல் தோன்றும். ஆனால் நம்பத்தக்க இணைப்பு ஆகாது.

மின் நிலத்தொடுப்பு

பல நாடுகளில் கட்டடத்தின் உலோகக் குழாய்கள் மின் பாதுகாப்புக்காக நிலத்தொடுப்புக் கம்பியுடன் பிணைக்கப்பட்டுள்ளன. பழைய கட்டடங்கள் சிலவற்றில் நிலத்தொடுப்பே நீர்க் குழாயைச் சார்ந்துள்ளது. இத்தகைய இடத்தில் மின்காப்பு யூனியனையோ பிளாஸ்டிக் துண்டையோ புகுத்தினால் நிலத்தொடுப்பு அறுபடும். பின்னர் ஏதேனும் கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், குழாயைத் தொடுபவர் மின்தாக்குதலுக்கு உள்ளாகலாம். எனவே தொடர்பைத் துண்டிப்பதற்கு முன் பிணைப்புக் கம்பி வேறு வழியில் அமைக்கப்பட வேண்டும்.

யூனியனின் இரு புறங்களையும் கம்பியால் பிணைத்தால், எதிர்மின்னிகள் செல்லும் வழி மீண்டும் திறந்துவிடும். அந்நிலையில் யூனியனின் பயன் பெரும்பாலும் குறைகிறது. பாதுகாப்புக்கும் அரிமானத் தடுப்புக்கும் முரண்பாடு ஏற்படும் இவ்விடத்தில் பாதுகாப்பே முதன்மையானது. அரிமானத்தைக் குறைக்கப் பித்தளை இடைத்துண்டு, உள்ளுறை நிப்பிள் ஆகியவற்றை நாடலாம்.

நீர்ச் சூடேற்றி

சேமிப்பு வகை நீர்ச் சூடேற்றி இவை அனைத்தும் ஒன்றுகூடும் இடமாகும். தொட்டி எஃகினாலானது, உட்புறம் கண்ணாடிப் பூச்சு உடையது. பூச்சில் உள்ள நுண்ணிய விரிசல்கள் வழியே எஃகு நீரைத் தொடும். அதனைக் காக்க, வரிசையில் எஃகுக்கும் கீழே உள்ள மக்னீசியத்தாலான தண்டு தொட்டியுள் தொங்கவிடப்படுகிறது. தண்டு கரைந்து தொட்டியைக் காக்கிறது. தண்டு முழுவதும் தீர்ந்த பின் தொட்டியே கரையத் தொடங்கும் என்பதால், அதனை அவ்வப்போது சோதித்து மாற்ற வேண்டும். செப்புக் குழாய்களைத் தொட்டியின் எஃகு மரையுடன் நேரடியாக இணைத்தால் தண்டின் சுமை கூடுவதுடன், மரைப் பகுதியும் அரிக்கப்படலாம். எனவே தொட்டியின் இரு வாய்களிலும் உள்ளுறை நிப்பிள் அல்லது மின்காப்பு யூனியன் பொருத்தப்படுகிறது.

காரீயக் குழாயும் செம்பும்

தமிழில் ஈயம் என்ற சொல் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் குறிக்க வழங்குகிறது. பாத்திரங்களுக்குப் பூசப்படுவது வெள்ளீயம். நச்சுத்தன்மை உடையது காரீயம். பழைய அமெரிக்க நகரங்களில் தெருவிலிருந்து வீட்டுக்கு நீர் கொண்டுவரும் குழாய்கள் காரீயத்தால் செய்யப்பட்டிருந்தன. செப்புக் குழாய்களின் பற்றாசிலும் காரீயம் கலந்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் குடிநீர் அமைப்புகளில் இவற்றைப் புதிதாகப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. நீரைத் தொடும் பொருத்திகளில் இருக்கக்கூடிய காரீயத்தின் சராசரி அளவு 2014 முதல் 0.25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

காரீயம் வரிசையில் செம்புக்குக் கீழே உள்ளதால், இரண்டும் இணையும் இடத்தில் காரீயம் நீரில் கரைகிறது. இதன் விளைவு வாஷிங்டன் நகரில் வெளிப்பட்டது. அங்கு 2000 ஆம் ஆண்டில் நீரைத் தூய்மிக்கும் பொருள் குளோரினிலிருந்து குளோரமினுக்கு மாற்றப்பட்டது. குழாய்களின் உட்புறத்தில் குளோரினால் நிலைபெற்றிருந்த காரீய ஆக்சைடுப் படலம் கரைந்து, குடிநீரில் காரீயம் உயர்ந்தது. தொடர்ந்து காரீயக் குழாய்களை மாற்றும் பணி நடந்தது. பல இடங்களில் பொது நிலத்தில் இருந்த பகுதி மட்டுமே செம்பால் மாற்றப்பட்டது. தனியார் நிலத்தில் இருந்த காரீயப் பகுதி அப்படியே விடப்பட்டது. 2004 இல் நீரில் ஆர்த்தோபாசுபேட்டு சேர்க்கப்பட்டதைத் தொடர்ந்து காரீய அளவு குறைந்தது.

பாதிக் குழாயை மாற்றினால் பாதித் தீங்கு குறையும் என்று தோன்றலாம். ஆனால் பழைய குழாயை வெட்டும்போது படிவுகள் பெயர்கின்றன. புதிய செம்பு எஞ்சிய காரீயத்துடன் மின்கலமாக அமைகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழு, பகுதி மாற்றம் குடிநீரில் காரீயத்தைக் குறுகிய காலத்தில் நம்பத்தக்க முறையில் குறைப்பதாகக் காட்டப்படவில்லை என்று 2011 இல் தெரிவித்தது. நீரில் சல்பேட்டை ஒப்பிடக் குளோரைடு மிகுந்திருந்தால் இவ்வகை அரிமானம் கூடும் என்பதும் ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது. காரீயக் குழாயைச் செப்புக் குழாயுடன் இணைக்கப் பாதுகாப்பான முறையைத் தேடுவதைவிட, காரீயக் குழாயை முழுவதும் நீக்குவதே தீர்வாகக் கொள்ளப்படுகிறது. பெரும்பாலான காரீயக் குழாய்களைப் பத்தாண்டுகளுக்குள் மாற்றக் கோரும் விதியை அம்முகமை 2024 இல் வெளியிட்டது.

அறிகுறிகள்

இணைப்பில் அரிமானம் நடைபெறுவதைப் பின்வரும் அறிகுறிகள் காட்டும்:

மரைகளைச் சுற்றி வெண்ணிறப் படிவு: துத்தநாகம் கரைவது.
செம்பழுப்புக் கறை அல்லது துருக்கட்டி: இரும்பு கரைவது.
நீலப்பச்சைப் படிவு: செம்பு கரைவது அல்லது நுண்ணிய கசிவு.
காலையில் முதலில் வரும் நீர் செந்நிறமாக இருத்தல்: இரவில் தேங்கிய நீரில் துரு கலந்திருத்தல்.
ஒரு திருகுகுழாயில் மட்டும் நீர்வரத்து குறைதல்: அதற்குரிய இணைப்பில் உள்துளை சுருங்கியிருத்தல்.

காரீயம் கரைவதற்கு இத்தகைய அறிகுறி எதுவும் இல்லை. நிறமும் சுவையும் மணமும் மாறாத நீரிலும் அது இருக்கலாம். அதனை நீர்ச் சோதனையால் மட்டுமே அறிய முடியும்.

இவற்றையும் பார்க்க

அரிமானம்
மின்கலம்
செம்பு
துத்தநாகம்
பித்தளை
பற்றாசு
நிலத்தொடுப்பு